ரேம் போட்டதும் ரீஸ்டார்ட்: விண்டோஸில் கை வைக்காதீர்கள்

கேள்வி: ஊரில் சின்னதாக ஒரு ஸ்டூடியோ வைத்திருக்கிறேன். கல்யாண ஆல்பம் டிசைன்தான் முக்கிய வேலை. சிஸ்டம் இன்டெல் ஐ5-10400, எச்410 போர்டு, 8 ஜிபி டிடிஆர்4 ரேம். போட்டோஷாப்பில் நாலைந்து ஷீட் திறந்தாலே திணறுகிறது என்று இன்னொரு 16 ஜிபி ரேம் வாங்கி, நானே மாட்டினேன். பழையது 2666, புதியது 3200. அன்றிலிருந்து சிஸ்டம் தானாகவே ரீஸ்டார்ட் ஆகிறது. சில நாள் அரை மணி நேரம் ஒழுங்காக ஓடும். சில நாள் விண்டோஸ் லோகோ வந்ததுமே மறுபடி முதலிலிருந்து. சர்வீஸ் செய்பவரிடம் போனில் கேட்டேன். விண்டோஸைப் புதிதாகப் போட்டால் சரியாகிவிடும், கொண்டுவாருங்கள் என்கிறார். கொண்டுபோகலாமா?

பதில்: இப்போது வேண்டாம். விண்டோஸைப் புதிதாகப் போடுவது இந்தச் சிக்கலுக்குக் கடைசி மருந்து. அதை முதல் மருந்தாகக் கொடுப்பது நம் ஊர் சர்வீஸ் கடைகளின் பழக்கம். நேற்றுவரை ஓடிய விண்டோஸ், ரேம் மாட்டிய அதே நாளில் தானாகக் கெட்டுப்போவது அபூர்வம். அதைவிட முக்கியமாக, விண்டோஸை நிறுவும்போது ஆயிரக்கணக்கான கோப்புகள் ரேம் வழியாகத்தான் டிஸ்கில் போய் உட்காருகின்றன. ரேமில் கோளாறு இருந்தால் அவை தப்பும் தவறுமாக எழுதப்படும். புதிய விண்டோஸும் முதல் நாளிலிருந்தே நோயாளிதான். பிறகு விண்டோஸ் சிடி சரியில்லை, ஹார்ட் டிஸ்க் போய்விட்டது என்று செலவு வேறு திசையில் ஓட ஆரம்பிக்கும்.

முதலில் ஆல்பம் வேலையை நிறுத்துங்கள். இது எரிச்சலூட்டும் அறிவுரைதான், முகூர்த்த மாதமாக இருந்தால் இன்னும் எரிச்சல். ஆனால் கெட்ட ரேம் செய்யும் பெரிய சேதம் ரீஸ்டார்ட் அல்ல. ரீஸ்டார்ட் கண்ணுக்குத் தெரிந்துவிடும். ரேமில் ஒரு பிட் மாறி, அந்தத் தவறோடு உங்கள் பிஎஸ்டி கோப்பு சேமிக்கப்பட்டால் அப்போது எதுவுமே தெரியாது. பத்து நாள் கழித்து அந்த ஷீட்டைத் திறக்கும்போது, கோப்பு திறக்கவில்லை என்று செய்தி வரும். அதனால் சந்தேகத்துக்குரிய ரேம் மாட்டியிருக்கும்போது பேக்கப் எடுப்பதுகூடச் சரியில்லை. புதிய ரேமைக் கழற்றிவிட்டுப் பிறகு எடுங்கள்.

கழற்றுவதற்கு ஒரு முறை இருக்கிறது. விண்டோஸ் 8-லிருந்து சாதாரண ஷட்டவுன் முழுமையான ஷட்டவுன் அல்ல. ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் என்ற வசதி, சிஸ்டத்தின் நிலையில் ஒரு பகுதியை டிஸ்கில் சேமித்துவைத்து, அடுத்த முறை அங்கிருந்து தொடரும். ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டே ஷட்டவுனைச் சொடுக்கினால் முழுதாக அணையும். பிறகு எஸ்எம்பிஎஸ் என்ற பவர் சப்ளை பெட்டியின் பின்னால் உள்ள சுவிட்சை அணைத்து, பவர் கார்டைப் பிடுங்குங்கள். அதன்பின் முன்பக்க பவர் பட்டனைச் சில நொடி அழுத்திப் பிடியுங்கள். உள்ளே மிச்சமிருக்கும் மின்சாரம் வடிந்துவிடும். சிஸ்டம் அணைந்திருந்தாலும் கார்டு செருகியிருக்கும்வரை மதர்போர்டில் ஸ்டாண்ட்பை மின்சாரம் ஓடிக்கொண்டுதான் இருக்கும். அந்த நிலையில் ரேமைச் செருகியதாலேயே கெட்டுப்போன ரேம்கள் உண்டு. ரேமைத் தொடுமுன் கேபினெட்டின் பெயின்ட் இல்லாத உலோகப் பகுதியை ஒருமுறை தொட்டுக்கொள்ளுங்கள். லேப்டாப் வைத்திருப்பவர்கள் சார்ஜரைப் பிடுங்கினால் மட்டும் போதாது, பேட்டரி இணைப்பையும் துண்டிக்க வேண்டும்.

இப்போது பழைய 8 ஜிபியை மட்டும் வைத்து, ஓரிரு நாள் அதே போட்டோஷாப் வேலையைச் செய்துபாருங்கள். முக்கியமில்லாத கோப்புகளில் செய்யுங்கள். ரீஸ்டார்ட் நின்றுவிட்டால் குற்றவாளி புதிய ரேம், அல்லது பழையதும் புதியதும் சேர்ந்த ஜோடி. நிற்கவில்லையென்றால் புதிய ரேமைக் குறைசொல்லிப் பயனில்லை. கேபினெட்டைத் திறந்து கை விட்டபோது வேறு ஏதோ அசைந்திருக்கிறது, அல்லது ஏற்கெனவே இருந்த கோளாறு இப்போது வெளியே வந்திருக்கிறது. இந்த ஒரு சோதனை செய்யாமல் யாரையும் உங்களிடம் புதிய எஸ்எம்பிஎஸ் விற்க விடாதீர்கள். ஒரு ரேம் எடுத்துக்கொள்ளும் மின்சாரம் சில வாட்தான். அதைச் சேர்த்ததால் நல்ல எஸ்எம்பிஎஸ் திணறாது.

அசையக்கூடியவை என்னென்ன? உங்கள் பிராசஸர் மீதுள்ள இன்டெல் ஃபேனை டார்ச் அடித்துப் பாருங்கள். கம்பெனி கொடுக்கும் ஃபேன் நாலு பிளாஸ்டிக் புஷ் பின்களில் நிற்கிறது. ரேம் ஸ்லாட் அதை ஒட்டியே இருப்பதால், ரேமை அழுத்திச் செருகும்போது புறங்கை ஃபேனில் பட்டு ஒரு பின் லேசாக எழும்பிவிடும். பார்வைக்கு ஃபேன் சுற்றிக்கொண்டுதான் இருக்கும், ஆனால் ஹீட் சிங்க் ஒரு மூலையில் பிராசஸரை விட்டு விலகியிருக்கும். அப்போது ஃபேன் வழக்கத்தைவிட அதிகம் இரையும், கனமான வேலை கொடுத்த சில நிமிடங்களில் சிஸ்டம் விழும். ஹீட் சிங்கை மெல்ல ஆட்டிப்பாருங்கள், ஆடக் கூடாது. ஆடினால் பழைய தெர்மல் பேஸ்ட்டைத் துடைத்துவிட்டுப் புதிது பூசி, எதிரெதிர் மூலைகளாகப் பின்களை அழுத்துங்கள். அடுத்து பிராசஸர் பக்கத்தில் 4 அல்லது 8 பின் பவர் ஒயர், ஓரத்தில் 24 பின் பவர் ஒயர். இரண்டையும் கொக்கி விழும்வரை அழுத்துங்கள். ரீசெட் பட்டன் உள்ளேயே சிக்கிக்கொண்டு சிஸ்டத்தைத் திரும்பத் திரும்ப எழுப்பும் கேபினெட்டுகளும் இருக்கின்றன. சந்தேகம் இருந்தால் ரீசெட் ஒயரை மதர்போர்டிலிருந்து கழற்றிவிடுங்கள். அது இல்லாமலே சிஸ்டம் ஓடும்.

பழைய ரேமில் சிஸ்டம் ஒழுங்காக ஓடிய பிறகு புதியதைத் திரும்ப மாட்டுங்கள். பலருக்கு இந்த இடத்திலேயே வேலை முடிந்துவிடும். ரேம் சரியாக உட்காராததுதான் காரணமாக இருந்திருக்கும். இப்போதைய போர்டுகள் பலவற்றில் ஒரு பக்கம் மட்டுமே கொக்கி உண்டு. கொக்கி உள்ள பக்கம் 'டக்' என்று சத்தம் வந்தாலும், எதிர்ப்பக்கம் ஒரு நூல் தூக்கலாக நின்றுவிடலாம். ரேமின் கீழ் விளிம்பில் தங்க நிறப் பட்டைகள் இருக்கின்றன அல்லவா, மாட்டிய பின் பக்கவாட்டில் குனிந்து பாருங்கள். அவை இருபுறமும் ஒரே அளவில் மறைந்திருக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் தங்கக் கோடு தெரிந்தால் உட்காரவில்லை என்று அர்த்தம். நம் ஊரில் ரேமை எடுத்துப் பென்சில் ரப்பரால் தேய்ப்பது ஒரு சடங்காகவே ஆகிவிட்டது. பல வருடம் தூசியில் கிடந்த பழைய ரேமில் அது வேலை செய்யும். ஆனால் ரப்பர் துகள் ஸ்லாட்டுக்குள் விழுந்தால் புதுக் கோளாறு வரும், அடிக்கடி தேய்த்தால் மெல்லிய தங்கப் பூச்சும் போகும். ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சு இல்லாத துணி நல்லது. ஸ்லாட்டுக்குள் வாயால் ஊதாதீர்கள், எச்சில் ஈரம் போகும்.

ரீஸ்டார்ட் தொடர்ந்தால், அது எப்போது நடக்கிறது என்று ஒரு தாளில் குறித்துவையுங்கள். கோளாறு எங்கே என்பதற்கு அந்த நேரம்தான் முதல் தடயம். பவர் பட்டனை அழுத்தியதும் திரையில் எதுவும் வராமல் ஃபேன் சுற்றி, அணைந்து, மறுபடி சுற்றினால் விண்டோஸ் அங்கே வரவேயில்லை. மதர்போர்டு ரேமோடு ஒத்துப்போக முயன்று தோற்று, மறுபடி முயல்கிறது. ரேமின் வகை, ஸ்லாட், பயாஸ் ஆகிய மூன்றைப் பாருங்கள். லோகோ வந்து விழுந்தால் ரேமாகவும் இருக்கலாம், கெட்டுப்போன விண்டோஸ் கோப்பாகவும் இருக்கலாம். அரை மணி ஓடி, கனமான கோப்பைத் திறந்ததும் விழுந்தால் ரேமின் மேல் சந்தேகம் பலமாகிறது. 16 ஜிபியில் எங்கோ ஓர் இடம் பழுதாக இருந்தால், போட்டோஷாப் அந்த இடத்தைத் தொடும்வரை எதுவும் நடக்காது. உங்களுக்குச் சில நாள் ஓடுவதும் சில நாள் ஓடாததும் இதனால்தான் இருக்கும். நேரத்துக்கும் வேலைக்கும் சம்பந்தமே இல்லாமல், சும்மா இருக்கும்போதும் விழுந்தால் யுபிஎஸ்ஸைப் பாருங்கள். பேட்டரி தேய்ந்த யுபிஎஸ், வோல்டேஜ் ஒரு கணம் தாழ்ந்தாலும் சிஸ்டத்தைக் கைவிட்டுவிடும். புதிய ரேம் போட்ட வாரத்திலேயே அது நடந்தால் பழி ரேமின் மேல் விழுகிறது.

இங்கே டிடிஆர்5 வாங்கியவர்களுக்கு ஒரு வார்த்தை. டிடிஆர்5 ரேமை மாட்டி முதல்முறை ஆன் செய்யும்போது போர்டு அதைப் பழக்கிக்கொள்ள நேரம் எடுக்கும். திரை கறுப்பாகவே இருக்கும், சிஸ்டம் தானாக ஓரிரு முறை ரீஸ்டார்ட்டும் ஆகலாம். ஏஎம்டி ரைசன் 7000 வகைப் போர்டுகளில் பெரிய ரேம் போட்டால் பல நிமிடம்கூட ஆகும். பதறிப்போய் சுவிட்சை அணைத்தால் அடுத்த முறை மறுபடி ஆரம்பத்திலிருந்து. ஒரு டீ குடித்துவிட்டு வந்து பாருங்கள். அப்போதும் வரவில்லையென்றால்தான் கோளாறு.

விண்டோஸுக்குள் போன பிறகு விழுகிற கணினி தன் சாவுக்குக் காரணத்தை எழுதிவைத்துவிட்டுத்தான் போகிறது. நாம்தான் படிப்பதில்லை. நீலத் திரை வந்தும் நீங்கள் பார்க்காமல் போவதற்குக் காரணம், விண்டோஸ் அதைக் காட்டிய கையோடு ரீஸ்டார்ட் ஆகும்படி அமைக்கப்பட்டிருப்பது. சிஸ்டம் பிராபர்ட்டீஸில் அட்வான்ஸ்டு பகுதி, அதில் ஸ்டார்ட்டப் அண்ட் ரெக்கவரி, அதில் 'ஆட்டோமேட்டிகலி ரீஸ்டார்ட்' என்ற கட்டத்தில் உள்ள டிக்கை எடுத்துவிடுங்கள். இனி விழும்போது நீலத் திரை அப்படியே நிற்கும். போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். 'மெமரி மேனேஜ்மென்ட்' என்றோ 'பேஜ் ஃபால்ட் இன் நான்பேஜ்டு ஏரியா' என்றோ இருந்தால் ரேமைத் தேடுவது சரியான திசை. ஒவ்வொரு முறையும் வேறு வேறு பெயர் வந்தாலும் ரேம்தான் முதல் சந்தேகம். எப்போதும் ஒரே டிரைவரின் பெயர் வந்தால் அந்த டிரைவரைப் பாருங்கள்.

ஈவென்ட் வியூவரில் விண்டோஸ் லாக்ஸ், அதில் சிஸ்டம் என்று போனால் சிவப்புக் குறியுடன் 'கெர்னல்-பவர் 41' என்ற பதிவு நிற்கும். இதைப் பார்த்துவிட்டு 'பவர் என்று போட்டிருக்கிறது, எஸ்எம்பிஎஸ்தான்' என்று முடிவுகட்டுபவர்கள் அதிகம். கணினி முறையாக அணையவில்லை என்பதைத் தவிர அந்தப் பதிவு எதையும் சொல்வதில்லை. அதன் டீட்டெயில்ஸ் பகுதியைத் திறந்து 'பக்செக்கோடு' என்ற வரியைப் பாருங்கள். 0 என்றிருந்தால் நீலத் திரைக்குக்கூட நேரம் இல்லாமல் மின்சாரமோ போர்டோ சட்டென்று துண்டித்திருக்கிறது. அப்போது பவர், சூடு, யுபிஎஸ், ரீசெட் பட்டன் ஆகியவற்றைப் பாருங்கள். 26 என்றிருந்தால் அது மெமரி மேனேஜ்மென்ட் பிழை. 292 என்றிருந்தால் ஹார்டுவேர் தானே புகார் செய்திருக்கிறது, பிராசஸரும் போர்டும் அதில் சேர்த்தி.

இனி ரேமுக்கான பரீட்சை. விண்டோஸிலேயே மெமரி டயக்னாஸ்டிக் இருக்கிறது, ஸ்டார்ட் மெனுவில் பெயரைத் தட்டினாலே வரும். அதில் பிழை காட்டினால் நம்பலாம். பிழை இல்லை என்றால் நம்பி உட்கார முடியாது, அது மேலோட்டமான சோதனை. மெம்டெஸ்ட்86 பிளஸ் என்ற இலவச மென்பொருளை வேறொரு கணினியில் பென் டிரைவில் ஏற்றி, அதிலிருந்து பூட் செய்து இரவு முழுக்க ஓட விடுங்கள். சில கணினிகளில் செக்யூர் பூட்டை அணைத்தால்தான் அது கிளம்பும். பயாஸில் கை வைக்குமுன் ஒரு வேலை: உங்கள் விண்டோஸில் டிஸ்கைப் பூட்டிவைக்கும் பிட்லாக்கர் ஆன் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். ஆன் ஆகியிருந்தால் 48 இலக்க ரெக்கவரி கீயை மைக்ரோசாஃப்ட் கணக்கிலிருந்து எடுத்துத் தாளில் எழுதிவையுங்கள். பயாஸை மாற்றியதும் பிட்லாக்கர் அந்தக் கீயைக் கேட்டாலும் கேட்கும். கீ இல்லையென்றால் டிஸ்கில் உள்ள அத்தனை ஆல்பமும் பூட்டிய பெட்டிக்குள் போய்விடும்.

சோதனையில் ஒரே ஒரு பிழை வந்தாலும் தோல்விதான். 16 ஜிபியில் ஒன்றுதானே என்று விடக் கூடாது. முதலில் இரண்டு ரேமையும் சேர்த்து ஓட்டுங்கள். பிழை வந்தால் புதியதை மட்டும் முதல் ஸ்லாட்டில் போட்டு ஓட்டுங்கள், பிறகு அதையே இரண்டாவது ஸ்லாட்டில். இரண்டு ஸ்லாட்டிலும் பிழை காட்டினால் ரேம் கெட்டது. எந்த ரேமைப் போட்டாலும் ஒரே ஸ்லாட்டில் மட்டும் பிழை வந்தால் ஸ்லாட், அல்லது பிராசஸர் சாக்கெட்டின் பின்களில் வளைவு. பின் வளைவை வீட்டில் சரிசெய்யப் பார்க்காதீர்கள், கைதேர்ந்தவரிடம் கொடுங்கள்.

தனித்தனியாக இரண்டும் தேறி, சேர்ந்தால் மட்டும் தோற்பதும் உண்டு. உங்கள் விஷயத்தில் நான் அதிகம் எதிர்பார்ப்பது இதைத்தான். ரேமுக்குள் இருக்கும் சின்ன சிப்பில் அதன் வேகமும் டைமிங்கும் எழுதப்பட்டிருக்கும். போர்டு இரண்டையும் படித்து, இரண்டுக்கும் பொதுவாக ஒத்துவரும் மெதுவான வேகத்தைத் தேர்ந்தெடுக்கும். ஒரே வண்டியில் பூட்டிய இரண்டு மாட்டில் மெதுவான மாட்டின் நடைதான் வண்டியின் நடை. பெரும்பாலும் இது சிக்கலின்றி நடந்துவிடும், சில ஜோடிகளில் நடக்காது. உங்கள் ஐ5-10400 எப்படியும் 2666 வரைதான் ஏற்கும், எச்410 போர்டு அதற்குமேல் விடாது. 3200 என்று அட்டையில் பார்த்து வாங்கிய வேகம் உங்களுக்குக் கிடைக்கவே போவதில்லை, கூடுதல் காசு கொடுத்திருந்தால் வீண். பயாஸில் ரேம் வேகத்தை 'ஆட்டோ'விலிருந்து எடுத்து 2666 என்று நீங்களே வையுங்கள். அதிலும் விழுந்தால் 2400. போட்டோஷாப்பில் வேக வித்தியாசம் உங்களுக்குத் தெரியப்போவதில்லை, 24 ஜிபி கொள்ளளவுதான் உங்களுக்கு லாபம். மதர்போர்டு நிறுவனத்தின் தளத்தில் புதிய பயாஸ் இருந்தால் அதையும் ஏற்றுங்கள். ரேம் ஒத்துழைப்புக்காகவே வரும் பயாஸ் திருத்தங்கள் நிறைய. ஆனால் பழைய ரேம் மட்டும் மாட்டியிருக்கும்போது, யுபிஎஸ் துணையோடு ஏற்றுங்கள். பாதியில் சிஸ்டம் விழுந்தால் போர்டே போய்விடும்.

8 ஜிபியும் 16 ஜிபியும் அளவு மாறியிருப்பதால்தான் இப்படி என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அளவு மாறியிருந்தாலும் இன்டெல் போர்டு முதல் 8+8 ஜிபியை இரட்டைச் சானலாகவும் மிச்சத்தை ஒற்றைச் சானலாகவும் ஓட்டிக்கொள்ளும்.

விலை உயர்ந்த போர்டு வைத்திருப்பவர்களுக்குச் சிக்கல் வேறு மாதிரி வரும். எக்ஸ்எம்பி என்பது ரேம் நிறுவனம் எழுதிவைத்த அதிவேக அமைப்பு. டிடிஆர்4 ரேமின் இயல்பு மின்னழுத்தம் 1.2 வோல்ட், எக்ஸ்எம்பியில் பெரும்பாலும் 1.35. ஒரு ரேமின் எக்ஸ்எம்பியை ஆன் செய்தால் பக்கத்தில் இருக்கும் வேறு கம்பெனி ரேமையும் அதே ஓட்டம் ஓடச் சொல்கிறோம். அது தடுக்கி விழுகிறது. எக்ஸ்எம்பியை அணைத்ததும் ரீஸ்டார்ட் நின்றால் காரணம் கிடைத்துவிட்டது. நாலு ஸ்லாட் போர்டில் இரண்டு ரேம் போடுபவர்கள் பிராசஸரிலிருந்து எண்ணி இரண்டாவது, நாலாவது ஸ்லாட்டில் போடுங்கள். பெரும்பாலான போர்டுகள் அப்படித்தான் கேட்கின்றன. நாலையும் நிரப்பினால் வேகம் குறையும் என்பதையும் ஏற்றுக்கொள்ளுங்கள். ரைசன் 7000 பிராசஸருக்கு ஏஎம்டியே சொல்லும் வேகம், இரண்டு ரேமுக்கு 5200, நாலு ரேமுக்கு 3600. பெட்டியில் 6000 என்று எழுதியிருப்பதை நாலு ரேமிலும் எதிர்பார்த்தால் ரீஸ்டார்ட்தான் மிஞ்சும்.

எல்லாம் சரியான பிறகு ஒரு துப்புரவு வேலை பாக்கி. கமாண்ட் பிராம்ப்ட்டை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து எஸ்எஃப்சி ஸ்கேன்நவ் கட்டளையை ஓட்டுங்கள், கெட்ட ரேமால் பழுதான விண்டோஸ் கோப்புகளை அது மாற்றிவிடும். அதிலும் தீராமல் விண்டோஸ் தகராறு செய்தால் இப்போது தாராளமாகப் புதிதாகப் போடலாம். புதிய ரேம் மாட்டியிருந்த நாட்களில் சேமித்த ஒவ்வொரு பிஎஸ்டியையும் திறந்து பாருங்கள். பிரின்டிங் லேபுக்கு அனுப்பிவிட்டவையும் இதில் சேர்த்தி.

ரேம் கெட்டது என்று தெரிந்தால் மெம்டெஸ்ட்டின் சிவப்புப் பிழை வரிகளைப் போனில் படம் எடுத்து, பில்லோடு கடைக்குப் போங்கள். வாய் வார்த்தைக்கு மடங்காத கடைக்காரரும் அந்தப் படத்துக்கு மடங்குவார். மாற்று கேட்கும்போது உங்கள் பழைய 8 ஜிபியின் ஸ்டிக்கரைக் காட்டி, அதே நிறுவனத்தின் 2666 ரேமைக் கேளுங்கள். கிடைக்கவில்லையென்றால் பழையதை விற்றுவிட்டு, ஒரே பெட்டியில் வரும் 8+8 ஜோடி வாங்குவது நிம்மதி. ரேமின் மேல் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரை மட்டும் கிழித்துவிடாதீர்கள். சீரியல் எண் அதில்தான் இருக்கிறது, அது இல்லாமல் வாரண்டி கேட்டுப் பயனில்லை.